இம்பீட் என்றால் கால்கட்டு!

பையனுக்கு 27 வயசு. வேலைக்குப் போகிறான். சம்பளம் வருகிறது. ஆனால் வீட்டுக்கு மட்டும் ராத்திரி 11 மணிக்குத்தான் வருகிறான். அம்மா கவலைப்படுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொல்கிறாள்: ‘‘சீக்கிரமா ஒரு கால்கட்டு போட்டுடுங்கம்மா. எல்லாம் சரியாப் போயிடும்!’’

கவனித்தீர்களா? கைக்கட்டு என்று சொல்லவில்லை. வாய்க்கட்டு என்று சொல்லவில்லை (அது கல்யாணத்துக்கு அப்புறம் தானாகவே வந்துவிடும்). கால்கட்டு! பையன் எங்கேயும் போகக்கூடாது என்பதல்ல அக்காவின் எண்ணம். போகட்டும். ஆபீஸ் போகட்டும், மளிகைக் கடைக்குப் போகட்டும், மாமனார் வீட்டுக்குப் போகட்டும். முன்னே மாதிரி தலைதெறிக்கப் போகாமல் இருந்தால் சரி.

அந்த அக்காவுக்கு லத்தீன் தெரியாது. ஆனால் அவள் பேசியது அட்சரம் பிசகாத லத்தீன். ஆங்கிலத்தில் ‘இம்பீட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. வீட்டுப் பேச்சில் அதிகம் தலைகாட்டாது. கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு மெமோவிலும், கோர்ட் தீர்ப்பிலும், ஆங்கிலப் பேப்பர் தலையங்கத்திலும் மட்டும் நடமாடும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ‘பெட்’. கட்டில் மெத்தை சமாசாரம் இல்லை ஸார். லத்தீனில் ‘பெட்’ என்றால் பாதம். ரோமாபுரிக்காரர்கள் காலைத் தளையில் மாட்டுவதற்கு வைத்திருந்த சொல்தான் சுமார் 400 வருஷமாக ஆங்கிலத்தில் ‘இம்பீட்’ என்று உலவுகிறது.

சரி, இதில் நமக்கு என்ன? இருக்கிறது. நம்மூர் ஆங்கில-தமிழ் அகராதியைப் பிரியுங்கள். பிரிவென்ட்? தடு. ஆப்ஸ்ட்ரக்ட்? தடு. ஹிண்டர்? தடு. இம்பீட்? அதுவும் தடு! எல்லா ஜுரத்துக்கும் ஒரே மாத்திரை. ஆனால் இந்த ‘தடு’க்களுக்குள் இருக்கிற வித்தியாசம் தெரியாவிட்டால் சில சமயம் இன்க்ரிமென்ட்டே போய்விடும். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு பஸ்ஸைப் பிடிப்போம்.

ஒரு பஸ், ஐந்து தடைகள்

காலை 8.40 பஸ். அதைப் பிடிக்க ஒரு பையன் வீட்டிலிருந்து கிளம்புகிறான்.

அப்பா வாசலிலேயே முந்திக்கொண்டு வந்து நிற்கிறார். ‘‘இன்னிக்கு கேஸ் சிலிண்டர் வருது. லீவு போடு.’’ பையன் போகவில்லை. இது பிரிவென்ட். லத்தீனில் அதற்கு ‘முன்னால் வருவது’ என்று அர்த்தம். வந்தார், நின்றார், காரியம் முடிந்தது.

அப்பாவைத் தாண்டினால், தெரு முழுக்க யாரோ வீடு கட்ட ஜல்லியும் மணலும் கொட்டியிருக்கிறார்கள். இது ஆப்ஸ்ட்ரக்ட். எதிரே குவித்து வைப்பது. கன்ஸ்ட்ரக்ட், ஸ்ட்ரக்சர் எல்லாம் இதற்கு அண்ணன் தம்பி. அவை கட்டுவது, இது குறுக்கே கட்டுவது.

அண்ணன் மகள், மூணு வயசு, சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ‘‘சித்தப்பா, நானும் வர்றேன்!’’ இது ஹிண்டர். பின்புறம் என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல்லின் உறவு. பின்னாலிருந்து பிடித்து இழுப்பது.

பஸ் பாஸ் நேற்றோடு காலாவதி. பையில் பத்து பைசா கிடையாது. இது ப்ரிக்ளூட். முன்கூட்டியே கதவைச் சாத்திவிடுவது. ஆள் யாரும் வரவேண்டியதில்லை. ஒரு விதி, ஒரு தேதி, ஒரு நிபந்தனை போதும்.

கடைசியாக, ஓடுகிற ஓட்டத்தில் செருப்பு வார் அறுந்துவிடுகிறது. இதுதான் இம்பீட்! பையன் நிற்கவில்லை. காலை இழுத்து இழுத்து ஓடுகிறான். பஸ் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஆனால் ஓட்டம் பழைய ஓட்டம் இல்லை.

ஆற்றங்கரையில் மேயும் கழுதையைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது தத்தித் தத்திப் போய் மேயும். ஊரை விட்டுத்தான் ஓடாது. இம்பீட் என்பதற்கு இதைவிட நல்ல படம் எந்த அகராதியிலும் போடமுடியாது. வேகம் போகும், நடை போகாது.

பைஜாமாவும் பாதமும்

நம்மூர் ‘பாதம்’ சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. லத்தீன் ‘பெட்’டும் அந்த ‘பாத’வும் ஒரே வேர். சம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கவேண்டும் என்று கல்கத்தாவில் ஜட்ஜாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் பேசினார் அல்லவா, அந்த உறவுதான். சைக்கிள் பெடல் அந்த வீட்டுப் பிள்ளை. நடந்து போகிறவரைச் சொல்லும் பெடஸ்ட்ரியனும் அதே வீடு. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால்; ‘ஜாமா’ என்றால் உடை. ஆக, ராத்திரி நீங்கள் போட்டுக்கொண்டு தூங்குகிற பைஜாமாவும் இம்பீடுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை!

இந்தக் குடும்பத்தில் நம் ஆபீஸ்வாசிகளுக்கு ரொம்ப வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். எக்ஸ்பிடைட். ‘ப்ளீஸ் எக்ஸ்பிடைட்’ என்று வாரத்துக்கு எத்தனை கடிதம், எத்தனை மெயில் தட்டுகிறோம்! இம்பீட் காலைக் கட்டுவது என்றால், எக்ஸ்பிடைட் கட்டிய காலை அவிழ்த்துவிடுவது. அதாவது நாம் எழுதுவதன் நேரடி அர்த்தம், ‘ஐயா, தயவுசெய்து என் ஃபைலின் காலை அவிழ்த்துவிடுங்கள்.’

தமிழில் இப்படியே எழுதிப் போட்டால் ஒருவேளை சீக்கிரம் நடக்குமோ என்னவோ!

மெமோ வந்த கதை

திருச்சியில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன். ஒரு தனியார் கம்பெனியில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். பி.காம் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்பதால், எனக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று எங்கள் ஏரியாவில் ஒரு வதந்தி. அதை நம்பி ஒருநாள் டீக்கடைக்கு ஒரு மெமோவோடு வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது.

‘‘அண்ணே, ஸ்டாக் ஆடிட்டை நான் ஆப்ஸ்ட்ரக்ட் பண்ணிட்டேனாம். ரெண்டு நாளைக்குள்ள பதில் கேக்கறாங்க.’’

‘‘பண்ணினியா?’’

‘‘ஐயோ, இல்லண்ணே! கோடவுன் சாவி சீனியர்கிட்ட. அவர் மச்சினன் கல்யாணத்துக்குத் திருப்பூர் போயிட்டார். டூப்ளிகேட் சாவி வர ரெண்டரை மணி நேரம் ஆயிடுச்சு. ஆடிட்டர் உக்காந்திருந்தார். நானும் அவருக்கு ரெண்டு தடவை காபி வாங்கிக் குடுத்தேன்.’’

‘‘ஆடிட் முடிஞ்சுதா?’’

‘‘அன்னிக்கு ராத்திரியே முடிஞ்சுதுண்ணே. கூடவே நின்னு எண்ணிக் குடுத்தேன்.’’

பதில் என்று அவன் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். ‘தடுத்ததற்கு மன்னிக்கவும், இனிமேல் தடுக்கமாட்டேன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. பையன் மரியாதையாக எழுதுவதாக நினைத்து, செய்யாத குற்றத்துக்குக் கையெழுத்துப் போட இருந்தான்!

ஆப்ஸ்ட்ரக்ட் லேசுப்பட்ட வார்த்தை இல்லை. சாய்ந்த மரம் ரோட்டை ஆப்ஸ்ட்ரக்ட் பண்ணலாம்; மரத்துக்கு எண்ணம் கிடையாது. ஆனால் அதே சொல் ஒரு மனுஷன் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், ‘வேண்டுமென்றே’ என்கிற வாசனை கூடவே வரும். அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 186-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 221. அங்கே ஆப்ஸ்ட்ரக்ட்டுக்கு முன்னால் ‘வாலன்டரிலி’, அதாவது தானாக முன்வந்து, என்று ஒரு சொல் காவல் நிற்கிறது. மூன்று மாதம் வரை சிறை உண்டு.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். ‘ஆப்ஸ்ட்ரக்டிங் தி ஃபீல்ட்’ என்று அவுட் கொடுக்க, பேட்ஸ்மேன் வேண்டுமென்றே செய்தாரா என்று அம்பயர் பார்க்கவேண்டும். 2006 பிப்ரவரியில் பெஷாவரில் நம் அணிக்கு எதிராக இன்சமாம் உல் ஹக், கிரீஸுக்கு வெளியே நின்றுகொண்டு, சுரேஷ் ரெய்னா எறிந்த பந்தை சாவகாசமாக பேட்டால் தட்டி நிறுத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? அது ஆப்ஸ்ட்ரக்ட். அவுட்!

தம்பி வேலை பார்ப்பது தனியார் கம்பெனி. அந்தச் சட்டப்பிரிவு அவன் பக்கமே வராது. ஆனால் வார்த்தையின் வாசனை வந்துவிட்டது. மெமோ எழுதியவருக்கு அது தெரிந்திருந்ததா, இல்லை கைக்கு வந்த பெரிய வார்த்தையைப் போட்டாரா, கடவுளுக்கே வெளிச்சம்.

பதிலை மாற்றி எழுதினோம். மன்னிப்பைத் தூக்கினோம். சாவி யாரிடம் இருந்தது, எத்தனை மணிக்கு யாருக்கு போன் செய்தான், எத்தனை மணிக்குப் பூட்டு திறந்தது, எத்தனை மணிக்கு வேலை முடிந்தது – நாலே வரி. ஐந்தாவது வரி: ‘சாவி இல்லாததால் வேலையின் வேகம் இரண்டரை மணி நேரம் இம்பீட் ஆனது, நான் எதையும் ஆப்ஸ்ட்ரக்ட் செய்யவில்லை, வேலை அன்றைக்கே முடிந்தது.’

மூன்று வாரம் கழித்து, ‘இனி டூப்ளிகேட் சாவி ஆபீஸிலேயே இருக்கவேண்டும்’ என்று ஒரு சர்க்குலர் வந்தது. மெமோ பற்றிப் பேச்சே இல்லை. இன்க்ரிமென்ட்டும் வந்தது. வார்த்தை மட்டுமே காப்பாற்றியது என்று சொல்லமாட்டேன். நேரம், தேதி எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்த உண்மை உட்கார ஒரு சரியான நாற்காலி வேண்டும் இல்லையா? அதுதான் வார்த்தை.

எப்படி உபயோகிப்பது?

உச்சரிப்பு ‘இம்பீட்’. பீ-யில் அழுத்தம். ‘இம்பெட்’ இல்லை. இது பெரும்பாலும் ஆளைவிட, ஆளின் போக்கைத்தான் பிடிக்கும். முன்னேற்றம், போக்குவரத்து, விசாரணை, வளர்ச்சி, காயம் ஆறுவது – இப்படி ஓடிக்கொண்டிருக்கிற எதையும் இம்பீட் செய்யலாம். ‘மழை மீட்புப் பணியை இம்பீட் செய்தது’ என்றால் பணி நடந்தது, மெதுவாக நடந்தது. பணியே நின்றுபோயிருந்தால் இம்பீட் போடாதீர்கள்; பொய் சொன்ன பாவம்.

பேச்சுத் தடங்கலை ‘இம்பெடிமென்ட்’ என்பார்கள். இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்குத் திக்குவாய். ஆனால் 1939 செப்டம்பர் 3-ம் தேதி, ஜெர்மனி மீது போர் அறிவித்த அன்று, ரேடியோவில் நாட்டு மக்களிடம் பேசினார். அந்தக் கதையைத்தான் 2010-ல் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ என்று சினிமாவாக எடுத்தார்கள். தடங்கல் இருந்தது, பேச்சு நிற்கவில்லை. வார்த்தைக்கு ஏற்ற மன்னர்.

ரோமானியப் படை தன் மூட்டை முடிச்சுக்கு வைத்த பெயர் ‘இம்பெடிமென்டா’. காலைக் கட்டுகிற சாமான்! குடும்பத்தோடு ரயில் ஏறி, நாலு சூட்கேஸ், ரெண்டு கட்டைப்பை, ஒரு ஊறுகாய் ஜாடியோடு பிளாட்பாரத்தில் நடந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அமெரிக்க அரசியல் செய்தியில் அடிபடும் ‘இம்பீச்மென்ட்’டும் இந்தக் கால்விலங்கு வம்சம்தான். இம்பீச் ஆனால் பதவி போயிற்று என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை. அது குற்றச்சாட்டு மட்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-ல் இம்பீச் ஆனார். பில் கிளின்டன் 1998-ல். டொனால்ட் டிரம்ப் 2019-லும் 2021-லும், ரெண்டு தடவை. ஒருவரையும் செனட் தண்டிக்கவில்லை. கால் கட்டப்பட்டது; ஆள் நடந்துகொண்டே இருந்தார்! நம் அரசியல் சட்டத்தில் ஜனாதிபதிக்கு மட்டும்தான், 61-வது ஷரத்தில், இந்தச் சொல் இருக்கிறது. நீதிபதிகள் விஷயத்தில் பேப்பர்கள் தாராளமாக இம்பீச்மென்ட் என்று போட்டாலும், சட்டத்தில் இருப்பது வெறும் ‘பதவி நீக்கம்’தான்.

கால்பந்திலும் இம்பீட் உண்டு. பந்தை ஆடாமல், எதிராளி போகிற வழியில் போய் நின்று அவரை மெதுவாக்கினால் ஃபவுல். உடம்பு படவில்லை என்றால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக், பட்டால் டைரக்ட்.

கடலில் விஷயம் இன்னும் சீரியஸ். 1972-ம் வருஷத்து சர்வதேசக் கடல்விதி 9, குறுகலான கால்வாயில் மட்டுமே பத்திரமாகப் போகக்கூடிய கப்பலின் பாதையை, 20 மீட்டருக்குக் குறைவான படகு இம்பீட் செய்யக்கூடாது என்கிறது. தடுக்கக்கூடாது என்று மட்டும் போட்டிருந்தால், ‘நான் எங்கே தடுத்தேன், ஓரமாகத்தானே போனேன்’ என்று படகுக்காரர் வாதாடலாம். பெரிய கப்பலால் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. அதன் கால் தடுமாறினாலே ஆபத்து. அதனால்தான் அங்கே இம்பீட்.

நம்ம மேஜை

இவ்வளவு நேரம் இம்பீடை ஏதோ சாதுவான சொல் மாதிரி பேசிவிட்டேன். முழுக்கத் தடுப்பதில்லை, கொஞ்சம் மெதுவாக்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் இந்தச் சொல் நம்மை ஏமாற்றுகிறது.

பின்னால் ஆம்புலன்ஸ் சைரன் கேட்கிறது. நாம் யாரும் அதை மறிப்பதில்லை. குறுக்கே கல் போடுவதில்லை. சிக்னல் விழட்டும் என்று நின்ற இடத்திலேயே நிற்கிறோம், அவ்வளவுதான். வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இல்லை இரண்டும் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். உள்ளே படுத்திருப்பவருக்கு, தடுக்கப்பட்டதற்கும் தாமதப்பட்டதற்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஆபீஸில் இதற்கு அபராதம் கிடையாது. ஒரு விதவையின் குடும்பப் பென்ஷன் பேப்பர் நம் மேஜையில் இருக்கிறது. நாம் முடியாது என்று சொல்லவில்லை. கிழித்துப் போடவில்லை. ஆப்ஸ்ட்ரக்ட் என்று யாரும் நமக்கு மெமோ கொடுக்கமுடியாது. ஒரு கையெழுத்து பாக்கி, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று மேலே ஒரு வெயிட் வைத்திருக்கிறோம். அந்தம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ரெண்டு பஸ் மாறி வந்து, படியேறி, ‘‘ஸார், ஆயிடுச்சுங்களா?’’ என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

வெயிட் வைத்தது பேப்பர் மேல். கட்டுப்பட்டிருப்பது அவர் கால்.

எக்ஸ்பிடைட் என்ற வார்த்தையை அடுத்தவருக்கு மெயில் தட்ட மட்டும் வைத்துக்கொள்ளாமல், இந்தத் திங்கட்கிழமை நம் மேஜையிலேயே ஒரு தடவை உபயோகித்துப் பாருங்களேன். ஸ்பெல்லிங் கூடத் தெரியவேண்டியதில்லை ஸார். பேனா இருந்தால் போதும்.